மறந்தார்க்கும் உரித்து: முதியோர் உரிமைகள் சட்டத்தின் 15ஆம் பிரிவிற்கு ஒரு விளக்கவுரை

இலங்கைப் பாராளுமன்றம் 2000ஆம் ஆண்டில் இயற்றிய 9ஆம் இலக்கச் சட்டம் முதியோர் உரிமைகளைக் காத்தற்பொருட்டு எழுந்தது. தேசிய முதியோர் சபை, அச்சபைக்கு ஒரு செயலகம், ஒரு நிதியம், பராமரிப்பு வேண்டி நிற்கும் முதியோரின் கோரிக்கையைத் தீர்த்தற்கு வேறொரு சபை என நான்கினை அது நிறுவிற்று. 2011இல் 5ஆம் இலக்கச் சட்டத்தால் திருத்தமும் பெற்றது. அதன் 15ஆம் பிரிவின் முதலிரண்டு உட்பிரிவுகளே ஈண்டு உரைக்கப்படுவன. மூலத்தை எழுத்துக்கு எழுத்து எடுத்து வையாது, பொருள் வழுவாமல் சூத்திரம் போலச் சுருக்கித் தருதும்.

இப்பிரிவில் மறதிநோய் என்னும் சொல் யாண்டும் இல்லையே, அதனை ஈண்டு ஆராய்வது என்னை எனக் கற்பான் வினாவுவான். வினா நன்று. இல்லாத சொல்லை மூலத்துள் நுழைத்தல் உரையாசிரியனுக்கு இழுக்கு. உள்ள சொல் எத்துணைத் தூரம் செல்லும் என அளந்து காட்டுதல் அவனுக்குக் கடன். அளத்தற்கு ஓர் இடம் வேண்டும் ஆதலின், ஊர்காவற்றுறை, வேலணை, புங்குடுதீவு, நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு, நெடுந்தீவு என்னும் யாழ்ப்பாணத்துத் தீவகம் கொள்ளப்பட்டது. தலைநகரில் எளிதாய்ப் பொருந்தும் சொல் குறிகட்டுவான் இறங்குதுறையில் படகேறும்போது எவ்விடத்து இறுகும், எவ்விடத்து நெகிழும் என்பது அங்கே நன்கு விளங்கும்.

முதற்கண் சட்டத்துள் வரும் பெயர் ஒன்று. அதன்பின் சட்டத்துள் வாராத பெயர் ஒன்று.

முதியோர் என்றது அறுபது அகவை நிறைந்தாரை. பொருள்கோள் கூறும் பிரிவு இவ்வெல்லையை வகுத்தது. எல்லை ஒன்று வேண்டும் ஆதலின் அது குற்றமன்று. எனினும் ஐம்பத்தைந்தில் நினைவு கலங்கினார் ஒருவர் இவ்வெல்லைக்குப் புறத்தே நிற்பர் என்பதும் அறிக.

மறதிநோய் என்பது ஏட்டிலும் வைத்தியசாலையிலும் வழங்குவது. தீவகத்து வாய்மொழி வேறு. அங்கே ஒரு கிழவர் உண்டதை மறந்து மீளவும் சோறு கேட்பராயின், 'அவருக்கு அறளை பேந்திட்டுது' என்பர். அறளை பெயர்தல் யாழ்ப்பாண வழக்கு. முதுமையால் அறிவு நிலைகுலைதல் அதன் பொருள். இவ்வழக்கினுள் இரண்டு குறிப்பு உள. ஒன்று, இது முதுமையின் இயல்பு, நோயன்று என்பது. மற்றையது, இதற்குச் செய்யத்தக்கது யாதுமில்லை என்பது. இரண்டும் பிழை. மறதிநோய் என்பது ஒரு நோயின் பெயரும் அன்று. பல நோய் ஒருங்கு காட்டும் குறிகளின் பெயர். அவற்றுள் அல்சைமர் நோய் மிகுதியும் காணப்படுவது. மூளையின் குருதிக்குழாய் அடைபட்டு வருவது அதற்கு அடுத்தது. உயர் குருதியமுக்கமும் நீரிழிவும் அதற்கு வழி திறக்கும். தைரொயிட் சுரப்புக் குறைதலும், விற்றமின் பி12 குறைதலும், ஆழ்ந்த மனச்சோர்வும் மறதிநோய் போன்றே தோன்றும். இவை மருந்தால் மீளத்தக்கன. மீள்வதனையும் மீளாததனையும் பிரித்தறிய இரத்தப் பரிசோதனையும், உறவினர் கூறுவதைப் பொறுமையுடன் கேட்கும் மருத்துவரும் வேண்டும். 'அறளை' என்ற ஒரு சொல்லோடு வீட்டார் அமைந்துவிடின் இவ்விரண்டும் வேண்டாதனவாய் ஒழியும். யப்பானியர் தம் மொழியில் இந்நோய்க்கு வழங்கிய இழிவுப் பெயரை 2004இல் நீக்கி வேறு பெயர் வைத்தனர் என்பதை ஈண்டு ஒப்புநோக்குக. ஆயினும் அறளை என்னும் சொல்லைக் கைவிடுக என்பது இவ்வுரையின் கருத்தன்று. ஊரார் அறிந்த சொல்லால் ஊராரிடம் பேசத் தொடங்குதலே முறை.

இனி மூலம்.

பிள்ளைகள் தம் பெற்றோரை வேண்டுமென்றே புறக்கணித்தல் ஆகாது. பெற்றோரைப் பராமரித்தலும் அவர்தம் தேவைகளைக் கவனித்தலும் பிள்ளைகளின் கடமையும் பொறுப்பும் ஆகும்.

இது முதலாம் உட்பிரிவின் பொருள். விலக்கு ஒன்றும் விதி ஒன்றுமாக இது நடக்கின்றது. 'ஆகாது' என்னுந்துணையும் விலக்கு, எஞ்சியது விதி. விலக்கினை முன்வைத்தது, புறக்கணிப்பு உலகத்து உண்மையான் என்க.

பிள்ளைகள் என்றது பன்மை. மூத்தவன், இளையவன், மணமாகிச் சென்ற மகள் என வேறுபாடு கூறாமையின் யாவர்க்கும் ஒக்கும். தீவகத்து வழக்கில் சீதன வீட்டை உடைய மகளே தாய் தந்தையரை வைத்துப் பார்த்தல் பெரும்பான்மை. ஏனையோர் 'அவளோடை இருக்கினம்' என்று சொல்லி அமைவர். சட்டம் அவ்வமைதியை ஒப்புக்கொள்ளவில்லை. ஒல்லாந்தர் காலத்தில் கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்து 1707இல் சட்டமான தேசவழமை, பெற்றோர் உள்ளளவும் ஆண்மக்கள் மணத்துக்குமுன் ஈட்டியதைப் பொதுமுதலிற் சேர்க்கும்படி விதித்தது. அது முதலைப் பற்றிய விதி. அக்காலத்து மகன் அதே முற்றத்தில் நின்றான். முற்றம் வெறிதானபின் எழுந்தது இப்புதுச் சட்டம். முன்னே சொல்ல வேண்டாதிருந்த ஒன்றை இப்பொழுது எழுத்தில் வைத்தது அதனால் என்க.

வேண்டுமென்றே என்னும் சொல்லே இவ்வுட்பிரிவிற்கு உயிர். இஃது இன்றிப் 'பெற்றோரைப் புறக்கணித்தல் ஆகாது' எனினும் பொருள் முற்றும். முற்றியும் இச்சொல்லைப் பெய்தமையின் ஒரு பயன் உண்டு என உய்த்துணர்தல் வேண்டும். புறக்கணிப்பு மூவகைப்படும். அறியாமையால் நேர்வது ஒன்று. அறிந்தும் இயலாமையால் நேர்வது ஒன்று. அறிந்து, இயன்றும், மனம் இன்மையால் நேர்வது ஒன்று. 'வேண்டுமென்றே' என்றமையின் சட்டம் கடிவது மூன்றாவதனையே. ஏனைய இரண்டும் குற்றத்தினின்று நீங்கின.

நீங்கவே, அவற்றைத் தீர்ப்பார் யார் என்னும் வினா எழும். மறதிநோய்க்கண் இவ்வினா மிகவும் கூரியது. தாய் ஒருத்தி, கழற்றி வைத்த காப்பை மறந்து மருமகளைக் கள்ளி என்கின்றாள். நள்ளிரவில் எழுந்து ஆட்டுக்குக் குழை வைக்கப் போகின்றாள். ஆடு விற்றுப் பத்தாண்டு ஆயிற்று. குளிக்கச் சொன்னால் சினக்கின்றாள். மகன் இதனை அடம் என்று கொண்டு பேச்சை விடுகின்றான். இவன் புறக்கணித்தானா எனின், புறக்கணித்தான். வேண்டுமென்றே புறக்கணித்தானா எனின், இல்லை. இது நோய் என அவனுக்கு ஒருவரும் சொன்னாரல்லர். ஆகவே, சட்டம் பிள்ளைமேல் வைத்த விலக்கு, நோய் இன்னது எனக் கண்டு சொல்லும் ஒரு மருத்துவச் சேவை உள்வழியே செல்லும். இல்வழி, செல்ல இடமின்றி நிற்கும். பிள்ளையை நோக்கிய விதியினுள் அரசை நோக்கிய விதி ஒன்று சொல்லாமற் கிடக்கின்றது. இதனை உய்த்துணர வைத்தல் என்பர். நோயறிதலே கடமைக்கு வாயில் என்பது இவ்வுரையின் துணிபு. பின்வருவனவெல்லாம் இதனோடு பொருத்திக் காண்க.

இந்நாட்டில் நோய் அரிதோ எனின், அன்று. றாகமையில் ஆய்ந்து 2003இல் வெளியிட்ட ஆய்வு, அறுபத்தைந்து அகவைக்கு மேற்பட்டாருள் நூற்றுக்கு ஏறத்தாழ நால்வர்க்கு மறதிநோய் உண்டு எனக் கண்டது. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் அறுபது கடந்தோர் நாட்டு மக்களுள் 12.4 சதவீதம். இளையோர் புலம்பெயர்ந்த தீவகத்தில் முதியோரின் பங்கு கண்ணுக்கே மிகுந்து தோன்றும்.

வாயில் எத்துணைத் தொலைவில் உள்ளது என்பதனையும் காண்க. நெடுந்தீவில் ஒரு பிரதேச வைத்தியசாலை உண்டு, நயினாதீவிலும் உண்டு, ஊர்காவற்றுறையில் ஆதார வைத்தியசாலை உண்டு. குருதியமுக்கத்துக்கும் நீரிழிவுக்கும் கிளினிக் நாளில் கொப்பியுடன் முதியோர் வரிசையாக அமர்வர். நினைவு பற்றி வினாவும் சிறப்பு மருத்துவரைக் காண வேண்டின், நெடுந்தீவார் குறிகட்டுவானுக்கு ஏறத்தாழ ஒரு மணிநேரம் கடலில் வருதல் வேண்டும். பின் வாணர் தாம்போதி கடந்து, வேலணை கடந்து, பண்ணைப் பாலம் கடந்து யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலை. தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையின் மனநலப் பிரிவு எனின் இன்னும் ஒரு பேருந்து. திரும்புதற்கு மாலைப் படகு. மறதிநோய் உடையார்க்குப் பொழுது சாயும் வேளையில் குழப்பமும் அச்சமும் மிகும் என்பது மருத்துவர் யாவரும் அறிந்தது. அவ்வேளையில்தான் அவரை அலைமேல் இருத்தல் வேண்டியுளது. ஒருமுறை அழைத்துச் சென்ற மகள் மறுமுறை அஞ்சுவாள். இவ்வச்சம் மேற்கூறிய மூவகையுள் இரண்டாவதன்பாற் படும்.

புறக்கணித்தல் என்பது புறத்தே வைத்துக் கணித்தல். அருகில் இருந்தும் ஒருவரை எண்ணிக்கைக்கு வெளியே வைத்தல் கூடும். கிழவியின் முன்னிலையிலேயே அவளைப் பற்றி இல்லாதாரைப் பேசுவதுபோலப் பேசுதல், கேட்டதையே கேட்கின்றாள் என்று விடை மறுத்தல், அலைந்துவிடுவாள் என அஞ்சிக் கட்டிலோடு பிணித்தல் என்பனவும் இச்சொல்லுள் அடங்கும். தொலைவே புறக்கணிப்பு என்று கொள்வார் இதனை நோக்குக.

பராமரித்தலும் தேவைகளைக் கவனித்தலும் என இரண்டாகக் கூறினமையின், இவை ஒன்றல்ல என்பது பெறப்படும். கவனித்தல் தொலைவிலிருந்தும் இயலும். மருந்துச் செலவு, உணவுச் செலவு, கூரை மாற்றுஞ் செலவு ஆகியன சுவிஸிலிருந்தும் கனடாவிலிருந்தும் பிரான்சிலிருந்தும் மாதந்தோறும் வந்து சேரும். பராமரித்தல் உடலால் அருகிருந்து செய்வது: வாயில் உணவு ஊட்டுதல், இரவில் எழுந்தாரைத் திருப்பி அழைத்து வருதல், கிணற்றடியில் நிற்பாரைக் கைப்பற்றி வருதல். 1990, 1991 ஆண்டுகளின் போரால் தீவகம் பெயர்ந்தது. பெயர்ந்தார் பலருடைய பிள்ளைகள் இன்று அந்நாடுகளில் உளர். அவர் இரண்டாவதனைக் குறைவறச் செய்து முதலாவதற்கு ஆளின்றித் தவிப்பர். சிலர் ஊரிலே ஒரு 'பார்க்கிற ஆளை' மாதச் சம்பளத்துக்கு அமர்த்துவர். அவ்வாள் பெரும்பாலும் பக்கத்து வீட்டுப் பெண். மறதிநோய் பற்றி ஒருவரும் அவளுக்குக் கற்பித்ததில்லை. உம்மை இரண்டனையும் வேண்டி நிற்றலின், பணம் அனுப்புவானைச் சட்டம் முழுதும் விடுவிக்கவில்லை. அவன் சார்பில் நிற்பாளுக்குப் பயிற்சி அளித்தல் யார் கடன் என்பதனையும் அது சொல்லவில்லை.

கடமையும் பொறுப்பும் என்பதனை ஒருபொருட் பன்மொழி என்று சிலர் கடந்து செல்வர். அது பொருந்தாது. கடமை கடன் என்னும் சொல்லோடு உறவுடையது; கடன் இறுத்தால் தீரும். பொறுப்பு பொறுத்தலின் வழி வந்தது. சுமையைத் தாங்குதல், தாங்கிக்கொண்டே இருத்தல். மறதிநோய் எட்டு, பத்து ஆண்டு நீளும். ஆண்டுதோறும் சுமை கூடும். நன்றி சொல்ல வேண்டியவர் பெயரையே மறந்துவிடுவர். இத்தகு சுமையைத் தாங்குவார்க்குத் தோள் மாற்றும் இடம் வேண்டும். பகற்பொழுது முதியோரை வைத்துப் பார்க்கும் நிலையம், சில நாள் ஓய்வுக்கு இடம், ஐயம் கேட்க ஒரு தொலைபேசி எனப் பிறநாட்டார் அமைப்பன எல்லாம் இதன்பொருட்டே. கொழும்பில் 2001இல் தொடங்கிய லங்கா அல்சைமர் மன்றம் இப்பணியில் முன்னின்றது. மறதிநோய்க்கு உலக சுகாதார நிறுவனம் 2017இல் ஏற்ற உலகச் செயற்றிட்டத்தின் ஏழு துறைகளுள் பராமரிப்போர்க்குத் துணை என்பது தனித்ததொரு துறை. இலங்கையும் அந்நிறுவனத்தின் உறுப்பு நாடு ஆதலின், 'பொறுப்பு' என்னும் சொல்லுக்கு இப்பொருள் கொள்ளுதல் வலிந்து கொள்ளுதல் ஆகாது.

இனி இரண்டாம் உட்பிரிவு.

பிள்ளைகள் இல்லாத அல்லது பிள்ளைகளாற் கைவிடப்பட்ட ஆதரவற்ற முதியோர்க்குத் தகுந்த வதிவிட வசதிகளை அரசு அளித்தல் வேண்டும்.

ஆதரவற்ற என்பது ஓர் அடை. அஃது இல்லாதார் இவ்வுட்பிரிவினுள் வாரார். பிள்ளை இல்லாமை, கைவிடப்படுதல் என்னும் இரண்டனுள் ஒன்றும் உடன் வேண்டும். புங்குடுதீவில் மூன்று அறை மாடிவீடும் பனந்தோப்பும் உடையார் ஒருவர். பிள்ளைகள் நால்வரும் வெளிநாட்டில். மாதம் பணம் வரும். வீட்டில் ஆள் இல்லை. இவர் ஆதரவற்றவர் எனப் படார். கைவிடப்பட்டவரும் எனப் படார். ஆயினும் அடுப்பை மூட்டிவிட்டு மறந்து கோயிலுக்குப் போய்விடுகின்றார். சட்டத்தின் முதல் உட்பிரிவு இவர் பிள்ளைகளைக் குற்றவாளிகள் ஆக்காது. இரண்டாம் உட்பிரிவு இவரைத் தாங்காது. இரண்டற்கும் இடைப்பட்ட வெளியில் இவர் தனித்து நிற்கின்றார். தீவகத்தில் அவ்விடைவெளி மிகவும் அகன்றது.

கைவிடப்பட்ட என்பதற்கு ஓர் அருமை உண்டு. கைவிடப்பட்டேன் என்று உணர்ந்தாரே அதனைச் சொல்லவல்லர். நெடுந்தீவில் ஒருத்தி உளள் எனக் கொள்க. அவள் மகன் கடல் கடந்து சென்று முப்பது ஆண்டு. கிராம சேவகர் வந்து, 'ஆச்சி, பிள்ளையள் ஆரும் வாறவையோ?' என்று வினாவின், 'தம்பி இப்பதான் வந்திட்டுப் போறான், குமுதினிப் படகுக்கு நேரமாச்செண்டு ஓடீட்டான்' என்பாள். பொய் அன்று, அவள் கண்ட உலகம் அது. பதிவேட்டில் 'மகன் வந்து செல்கின்றார்' என எழுதப்படின் உரிமை அவ்விடத்தே அற்றது. ஆகலின் கைவிடப்பட்டமையை முதியவர் வாக்கால் மட்டும் துணிதல் கூடாது. அயலார், கிராமத்து முதியோர் சங்கத்தார், வீடு தேடிச் செல்லும் மருத்துவத் தாதியர் ஆகியோர் கூற்றையும் கொள்ளுதல் வேண்டும் என்பது கருத்து.

பராமரிப்புத் தொகை கோரும் வழிக்கும் இஃது ஒக்கும். தன்னைத்தான் பேண இயலாத முதியவர் தம் பிள்ளைகளிடமிருந்து மாதப் படியோ ஒருமுறைத் தொகையோ பெறுதற்குச் சபைக்கு விண்ணப்பிக்கலாம் என்பது சட்டம். விண்ணப்பித்தற்குத் தன் இயலாமையை நினைத்தல் வேண்டும், உரிமை உண்டு என்பதை நினைத்தல் வேண்டும், விசாரணை நாளை நினைத்தல் வேண்டும். மறந்தார்க்கு மூன்றும் இல்லை. சொத்துடையார் ஒருவர் சித்த சுவாதீனம் அற்றவர் எனக் கூறப்படின், மாவட்ட நீதிமன்றம் விசாரித்து முகாமையாளரை நியமித்தற்கு 1889ஆம் ஆண்டுக் குடியியல் நடவடிக்கைமுறைக் கோவை இடம் தருகின்றது. அவ்வழி காணியையும் உறுதியையும் காக்கும். இரவில் எழுந்து நடப்பாரைக் காவாது. 1873ஆம் ஆண்டினதாகிய உளநோய்க் கட்டளைச் சட்டமோ மனநோயாளரை வைத்தியசாலையிற் சேர்த்தலையே பெரிதும் நோக்கியது; மறதிநோய்க்கு அது பொருந்தும் ஆடை அன்று.

தகுந்த என்னும் அடையில் சற்றே நின்று செல்லுதல் வேண்டும். வதிவிட வசதி என்றே அமையாது 'தகுந்த' என்றது யாவர்க்குத் தகுந்ததோ அவரை நோக்கி அளக்கும் பொருட்டு. மறதிநோய் உடையார்க்குத் தகுந்த இடம் யாது? நடந்து திரும்பி வரத்தக்க சுற்றுவழி உடையது. கிணற்றுக்கு மறைப்பு உடையது. இரவில் கழிப்பறைக்கு வெளிச்சம் உடையது. கதவில் எழுத்தோடு படமும் உடையது. எல்லாவற்றினும் மேலாக, பழகிய இடம். புதிய இடத்தில் குழப்பம் பெருகுதல் இந்நோயின் இயல்பு. நெடுந்தீவார் ஒருவரைக் கல்வேலியும் பனையும் கடலோசையும் சூழ்ந்த வளவினின்றும் பெயர்த்துப் பெருநிலத்து இல்லமொன்றில் வைத்தால், அன்றிரவே அவர் வீடு தேடிப் புறப்படுவர். அதனால் 'தகுந்த' என்னும் அடை 'வதிவிடம்' என்னும் பெயரைத் திருத்துகின்றது: இயன்றவழி, முதியவரின் சொந்த வீட்டையே தகுந்த வதிவிடமாக ஆக்கிக் கொடுத்தலும் அரசு அளித்தலே ஆகும். இவ்வுரை சொல்லை மிகை விரித்தது எனின், அடையைப் பயனில் சொல் எனக் கொள்ளும் உரையினும் இது மேல்.

முதியவரை அகவை காரணமாக, பொதுமக்கள் செல்லும் கட்டடத்திலோ இடத்திலோ தடுத்தல் ஆகாது என இதே சட்டம் வேறோரிடத்தில் கூறுகின்றது. படகு கட்டடமோ இடமோ ஆகாதே எனின், படகு ஆகாதாயினும் இறங்குதுறை இடமே ஆம். அலை அடிக்கும் படியில் கைப்பிடி இன்றி முதியவர் தயங்கி நிற்பின், தடுத்தது எவர் என வினவுவார்க்கு விடை சொல்லுதல் எளிதன்று.

அரசு என்றது யாரை? இதுவே எஞ்சிய வினாக்களுள் பெரியது. ஒருமையாற் கூறினமையின் கொழும்பையே குறிக்கும் என்பர் ஒருசாரார். 1987இல் அரசியலமைப்புக்குச் செய்த பதின்மூன்றாம் திருத்தம் ஒன்பதாம் அட்டவணையில் மாகாணத்துக்கு உரியன எவை என வகுத்தது. போதனா வைத்தியசாலையும் சிறப்பு நோக்க வைத்தியசாலையும் நீங்கலாக ஏனைய அரச வைத்தியசாலை, கிராமிய வைத்தியசாலை, மருந்தகம் ஆகியன மாகாணத்தின்பாற் பட்டன. பொதுச் சுகாதாரமும் சுகாதாரக் கல்வியும் அதன்பாற் பட்டன. ஆதரவற்றோர்க்குப் புனர்வாழ்வும், உடலாலும் உள்ளத்தாலும் இயலாதோர் நலனும் அதன்பாற் பட்டன. எனவே நெடுந்தீவு வைத்தியசாலையின் கிளினிக்கில் நினைவு பற்றி நான்கு வினாக் கேட்கும்படி ஒரு தாதியைப் பயிற்றுதல் மாகாணத்துக்குக் கூடும். யாழ்ப்பாணத்துச் சிறப்பு மருத்துவரை மாதம் ஒருமுறை படகேற்றித் தீவுக்குக் கொணர்தல் இரண்டு அரசும் கூடினாற்றான் கூடும். ஒருமைச் சொல்லுள் இருவர் மறைந்து நிற்பர் என்க. இருவர் நின்றால் ஒவ்வொருவரும் மற்றவரைக் காட்டுதல் உலகியல்.

மாகாண சபை இயற்றும் சட்டத்துக்கு நியதிச்சட்டம் என்று பெயர். மறதிநோய்ப் பராமரிப்புக்கு ஒரு நியதிச்சட்டம் வடக்கில் இயற்றத் தடை உண்டா எனின், மேற்காட்டிய அட்டவணையின் சொல்லளவில் தடை தோன்றவில்லை. முன்மாதிரி உண்டா எனின், பல உள. இந்தியா 2007இல் இயற்றிய பெற்றோர், மூத்த குடிமக்கள் சட்டம் பராமரிப்புத் தொகையோடு அமையாது, நாட்பட்டுச் சிதைக்கும் நோய்களுக்கு முதியோர் சிகிச்சை விரிவாதல் வேண்டும் எனவும், மாவட்ட வைத்தியசாலைதோறும் முதியோர் மருத்துவத்துக்கு ஏற்பாடு வேண்டும் எனவும் வெளிப்படக் கூறிற்று. இலங்கைச் சட்டம் உய்த்துணர வைத்ததனை அது வாய்விட்டுச் சொன்னது. தென்கொரியா 2011இல் மறதிநோய்க்கென்றே தனிச்சட்டம் செய்து, பின் நகர்தோறும் மாவட்டந்தோறும் அதற்கென நிலையம் வைத்தது. யப்பான் 2023இல் அடிப்படைச் சட்டம் ஒன்று செய்து 2024 சனவரி முதல் நடைமுறைப்படுத்திற்று. நம் சட்டம் அவற்றினும் மூத்தது. மூத்ததன் பெருமை அதற்கு உண்டு. இளையவை சொன்னதை அதன் வாயாற் சொல்விக்கும் வேலை எஞ்சியுள்ளது.

கைதடியில் அரச முதியோர் இல்லம் ஒன்று உண்டு. பிள்ளை இல்லாதாரும் கைவிடப்பட்டாரும் அங்கே உறைகின்றனர். 2013இல் தெரிவான வடமாகாண சபை அமர்ந்த கட்டடமும் அதே கைதடியில்தான் உள்ளது. அச்சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. அதன்பின் ஆண்டுகள் பல சென்றும் தேர்தல் நடைபெறவில்லை. இல்லத்தில் ஆட்கள் இருக்கின்றனர். சபையின் இருக்கைகளில் எவரும் இல்லை.